எலுமிச்சம்பழத்திடம் தோற்ற கார்

அத்தியாயம் 4

நானூறு குதிரைகளை வயிற்றில் அடைத்துக்கொண்டு போய் அந்தக் கார் கோயில் சுவரை முட்டியபோது, முதலில் உடைந்தது முத்துவீரப்பனின் பெயர்தான்.

சலவைக்கல்லில் செதுக்கிய பெயர். 'உபயம்' என்பது எறும்புக்குப் புரியும் அளவிலும், 'முத்துவீரப்பன்' என்பது சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து படிக்கும் அளவிலும் இருந்தது. கல் பிளந்து 'முத்து' மட்டும் சுவரில் தங்கியது. மீதி கீழே விழுந்து தூளானது.

இரண்டாவதாக உடைந்தது பூசாரி கார்த்திகேசுவின் வலது மணிக்கட்டு. முத்துவீரப்பன் கொடுத்த பொலிஸ் ரிப்போர்ட்டில் மேற்படி மணிக்கட்டுக்கு ஒரு வரி. மேற்படி கல்லுக்கு ஒரு பக்கம்.

நிற்க. பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட் சாலையில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருந்தது துப்பறியும் சாந்தினியின் அலுவலகம். பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களை விசாரித்துவிட்டு, சொந்தமாகவே விசாரிக்கலாம் என்று வெளியே வந்தவள். உதவியாளர் குணாளன், முன்னாள் பள்ளிப் பஸ் ஓட்டுநர். கீழே பல் துளைக்கும் சத்தம் கேட்டால் மேலே வருகிறவர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அன்று கீழே சத்தமே இல்லை. ஆனாலும் எதிர் நாற்காலியில் இருந்த லோகேஸ்வரி நிறுத்தாமல் பேசினாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல கமிட்டிக் கூட்டம்க்கா. எல்லார் முன்னாலயும் நான் மைக்கைப் பிடிச்சு, 'என் வேலை சரியில்ல, அதான் கார் பாஞ்சிருச்சு'ன்னு சொல்லணுமாம். சொன்னா முத்துவீரப்பன் முதலாளி ரிப்போர்ட்ட வாபஸ் வாங்குவாராம். சொல்லலன்னா பூசாரி கைய ஒடச்ச கேஸ் என் தலையில."

"சொல்லிட்டா?"

"அப்புறம் என் வொர்க்‌ஷாப்புல சைக்கிள்கூட வந்து நிக்காது."

பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் சொந்தமாகக் கார்ப் பட்டறை வைத்திருப்பவள் லோகேஸ்வரி. நகத்தில் கிரீஸ், வாயில் மிளகாய். முத்துவீரப்பனுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவர் தேடிப் போனது இவளைத்தான். அவருடைய கறுப்புக் காரின் எஞ்சின் பந்தயத்துக்காகக் குடைந்து, மாற்றி, முறுக்கேற்றப்பட்டது. அது இதுவரை கலந்துகொண்ட ஒரே பந்தயம், கோயில் வாசலில் யார் முதலில் பார்க்கிங் பிடிப்பது என்பது.

"மெனுவல் கியர்பாக்ஸக் கழட்டிட்டு ஓட்டோ கியர்பாக்ஸ் போட்டேன். அதுக்குன்னே தனியாச் சொல்லி ஒரு டார்க் கன்வர்ட்டர் செஞ்சு வரவழைச்சேன். ஊரே பாத்து பொறாமப்படுற சாமான்."

"எனக்குப் பொறாமை வரலியே. அது என்னான்னே தெரியாது" என்றார் குணாளன்.

"எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கும்ண்ணே. ரெண்டு காத்தாடிய நேருக்கு நேரா வச்ச மாதிரி. எஞ்சின் ஒண்ணச் சுத்தும். அது தள்ளுற எண்ணெய்ல மத்தது சுத்தும். ஒண்ணையொண்ணு தொடாது."

"தொடாமலே குடும்பம் நடத்துதுங்க. என் அண்ணனும் அண்ணியும் மாதிரி."

சாந்தினி சிரிக்கவில்லை. "அதை ஒழுங்கா மாட்டலன்னா கார் பாயுமா?"

"பாயாதுக்கா, படுத்துரும். கன்வர்ட்டரக் கையாலத் திருப்பித் திருப்பி உள்ள தள்ளணும். அடி வரைக்கும் போய் உக்காரணும். உக்காராம போல்ட்ட முறுக்கினா எண்ணெய் பம்ப்பு ஒடஞ்சிரும். சின்சாயா, ஏனோதானோன்னு மாட்டியிருந்தா இந்தக் கார் பாலத்தைத் தாண்டிப் பினாங்குக்கே வந்திருக்காதுலா. அப்புறம் எங்க கோயில், எங்க சுவரு?"

"முத்துவீரப்பன் என்ன சொல்றாரு?"

"'D' போட்டாராம். பிரேக்குல இருந்து கால எடுத்தாராம். ஒடனே பாஞ்சிருச்சாம். எண்ணெய் பெடல, அதான் ஆக்சிலரேட்டர, தொடவே இல்லையாம்."

சாந்தினி கைப்பேசியை நீட்டச் சொன்னாள். காருக்குப் பூசை நடந்ததை முத்துவீரப்பனின் மைத்துனர் வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பியிருந்தார். முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்து. காரணம், புதிதாக ஏலத்தில் எடுத்த நம்பர் பிளேட் பின்னால் பளபளவென்று தெரியவேண்டும்.

நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள். வழக்கப்படி கார் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். உறுமி மேளத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. காரின் பின்னால் வெள்ளை விளக்கு ஒருமுறை மின்னியது. பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது. பூசாரி கார்த்திகேசு திரும்பி, குறுக்கே நின்று படம் எடுத்த இரண்டு பேரைத் திட்டி விரட்டினார். கூட்டத்தில் ஒருவன் டயரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். அதன் பிறகுதான் காரின் பின்பக்கம் பூனை போலப் பதுங்கியது, பழம் தெறித்தது, கார் பாய்ந்தது. பூசாரி பக்கவாட்டில் குதித்துக் கையை ஊன்றி விழுந்தார்.

"அந்த வெள்ளை விளக்கு?"

"ரிவர்ஸ் லைட்டுக்கா. 'P'ல இருந்து 'D' போக 'R' தாண்டணும்ல? தாண்டும்போது மின்னும்."

"அப்ப 'D' போட்டாச்சு. சிவப்பு அணைஞ்சா பிரேக்கை விட்டாச்சு. அதுக்கப்புறம் பூசாரி ரெண்டு பேரைத் திட்டி முடிக்கிற வரைக்கும் கார் நிக்குது."

"நிக்கத்தான் செய்யும். சாதாக் கன்வர்ட்டர்னா பிரேக்க விட்டாலே நகரும். ஆனா இவரோடது மாத்தின எஞ்சின், சும்மா நிக்கும்போதே வேகமாச் சுத்தும். அதுக்குச் சாதாக் கன்வர்ட்டரப் போட்டா, கயித்துல கட்டின காளை மாதிரி பிரேக்க இழுத்துக்கிட்டே நிக்கும். அதனாலதான் தளர்வானது போட்டேன். எஞ்சின் நல்லாக் கத்தின பிறகுதான் அது பிடிக்கும். மிதிக்காம ஒரு பழத்தைக்கூடத் தாண்டாது."

"நானூறு குதிரையை ஒரு எலுமிச்சம்பழம் நிறுத்தி வச்சிருக்கு" என்றபடி சாந்தினி எழுந்தாள். "குணா அண்ணே, பையை எடுங்க. பழம் வாங்கணும்."

"வெயிலுக்கா, பித்தத்துக்கா?"

"ஆணவத்துக்கு."

"அப்ப ஒரு கிலோ வேணும், பாஸ்."

முத்துவீரப்பனின் பங்களா முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன. முன்பக்கம் நசுங்கிய கறுப்புக் கார் அவருடையது. ஓட்ட முடிகிறது, பார்க்கத்தான் முடியவில்லை. அதன் பானெட்டில் பூசையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பக்கத்தில் மஞ்சள் கார், மகன் கார்த்திக்குடையது.

முத்துவீரப்பன் கைத்தடியை ஊன்றி வந்தார். லோகேஸ்வரியைப் பார்க்காமல் சாந்தினியை மட்டும் பார்த்தார்.

"துப்பறியும் நிபுணரா? கார் பாஞ்சதுக்கா? நாளைக்கு மழை பேஞ்சா வானத்தைப் பிடிச்சு விசாரிப்பீங்களாம்மா?"

"வானம் ரிப்போர்ட் கொடுத்தா விசாரிப்போம், ஐயா. ஒரே ஒரு பரிசோதனை. அன்னைக்குச் செஞ்சதையே இன்னிக்கும் செய்யுங்க. பழம் வைக்கிறோம். 'D' போடுங்க, பிரேக்கை விடுங்க. எண்ணெய் பெடல் பக்கம் கால் போகக்கூடாது."

அவர் மறுப்பார் என்று சாந்தினி எதிர்பார்த்தாள். அவரோ மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஏறுவது போலக் காரில் ஏறினார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

குணாளன் பழங்களை வைத்துவிட்டு, பள்ளிப் பஸ் ஓட்டிய அனுபவத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எஞ்சின் உறுமியது. காரே குளிர் ஜுரம் வந்ததுபோல ஆடியது. முத்துவீரப்பன் 'D' போட்டார். பிரேக்கை விட்டு, கதவைத் திறந்து, வலது காலை வெளியே நீட்டி எல்லோருக்கும் காட்டினார். செருப்பில் தங்கநிற வார்.

கார் தானாக நடந்தது. பழங்கள் சளக்கென்று நசுங்கின. ஒரு கொட்டை குணாளனின் சட்டையில் வந்து ஒட்டியது.

"பாத்தீங்களா?" முத்துவீரப்பன் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். "பேய் புடிச்ச மாதிரி தானாப் போவுது! இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

"பாஸ்," என்றார் குணாளன் மெதுவாக, "பழத்தோட சேத்து நம்ம கேஸும் பிழிஞ்சாச்சு."

லோகேஸ்வரி குனிந்து டயரைப் பார்த்தாள். "இது... நான் போட்டது இப்படி நகராது."

"அதையே சாயங்காலம் மைக்குல சொல்லும்மா" என்றார் முத்துவீரப்பன். "ஒரே ஒரு வார்த்தைய மாத்தி, 'நான் போட்டது சரியில்ல'ன்னு சொல்லு. போதும்."

அப்போது அவருடைய மனைவி கோகிலா தட்டில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தார். நசுங்கிக் கிடந்த பழங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஊறுகாய் போட்டிருக்கலாம். எப்படி நாசமாக்கி வச்சிருக்கீங்க!"

"மன்னிச்சிருங்க ஆச்சி. விஞ்ஞான ஆராய்ச்சி" என்றார் குணாளன், ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு.

"கார் இருந்தா நானே பசாருக்குப் போய் வேற வாங்கிட்டு வந்திருப்பேன் தம்பி. போன வாரம் முழுக்க வாடகைக் கார்லதான் அலைஞ்சேன். ரெண்டு காரையும் பாலிஷ் போடணும்னு கெலுகோர்ல ஒரு கூட்டாளி கடைக்கு இவன் இழுத்துட்டுப் போயிட்டான்."

"யாரு ஆச்சி?"

"என் மகன்தான். அப்பா மேல திடீர்னு பாசம்."

சாந்தினி கிளாஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். கறுப்புக் காரின் அருகே போய், பானெட்டில் இருந்த குங்குமத்தை விரலால் தொட்டாள். விரல் சிவந்தது. மஞ்சள் காரின் கூரையில் காய்ந்த புறா எச்சம் இருந்தது. அதைத் தொடவில்லை.

"பாலிஷ் போட்ட கார்ல பூசைப் பொட்டு கலையவே இல்லையே."

"பக்தியான பாலிஷ்காரங்க போல" என்றார் குணாளன். "புறாவுக்கும் மரியாதை கொடுத்திருக்காங்க."

"லோகா, இந்த மஞ்சள் கார் கியர்பாக்ஸ் யார் போட்டது?"

"நான்தான்க்கா, போன வருஷம். ரெண்டு காருக்கும் ஒரே ஜாதி கியர்பாக்ஸ். இதுக்கு மட்டும் சாதாக் கன்வர்ட்டர். தளர்வானது வேணும், அப்பத்தான் டிராக்குல புறப்படும்போது பறக்கும்னு கார்த்திக் கெஞ்சினாரு. அப்பாக்காரர் முடியவே முடியாதுன்னுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"அண்ணே, பையில பழம் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. ராத்திரி ரசத்துக்கு வச்சிருந்தேன்."

"மஞ்சள் காரோட பின் டயருக்கு முன்னால வைங்க."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு காலில் நீலச் செருப்பும் மறு காலில் அம்மாவின் செருப்புமாகக் கார்த்திக் ஓடிவந்தான்.

"அக்கா, அந்தக் கார் வேணாம்! பேட்டரி வீக்கு. ஸ்டார்ட்டே ஆகாது."

"ஏன்டா, காலைல நீ அதுலதானே நாசி கண்டார் சோறு வாங்கிட்டு வந்தே?" என்றார் கோகிலா.

பெற்ற தாயைப் போன்ற சாட்சி உலகத்தில் இல்லை. லோகேஸ்வரி கார்த்திக்கின் கையிலிருந்து சாவியைக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். கார் முதல் திருப்பிலேயே உயிர்பெற்றது. பின்னால் வெள்ளை விளக்கு மின்னியது. சிவப்பு அணைந்தது. அவளும் கதவைத் திறந்து, காலை வெளியே நீட்டிக் காட்டினாள்.

மஞ்சள் கார் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. டயர் பழத்தில் மூக்கை வைத்து முகர்ந்ததோடு சரி.

"அலாமாக்!" என்றார் குணாளன். "இதுக்கு இன்னிக்கு விரதமா?"

லோகேஸ்வரி எஞ்சினை அணைத்தாள். சாந்தினி முத்துவீரப்பன் பக்கம் திரும்பினாள்.

"கோயில்ல கறுப்புக் கார் பழத்துக்குப் பயந்து நின்னுச்சு. உங்க மைத்துனர் வீடியோவுலயே இருக்கு. இன்னிக்குக் கறுப்பு நடக்குது, மஞ்சள் நிக்குது. பயம் காரு விட்டுக் காரு மாறியிருக்கு. தம்பி, நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

கார்த்திக் இரண்டு செருப்புகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பாதான் இனிமே அந்தக் காரத் தொடவே மாட்டேன்னாரு. சும்மாக் கெடந்துச்சு. நானும் கெலுகோர்க் கூட்டாளி ஃபிக்ரியும் ரெண்டு காரோட கன்வர்ட்டரையும் கழட்டி மாத்திக்கிட்டோம். எடுத்துட்டு ஓடலியேக்கா, என்னோடத அதுல போட்டுட்டேன்ல?"

"ஒழுங்காத்தான் மாட்டியிருக்கீங்க" என்றாள் லோகேஸ்வரி, தன்னையும் மீறி. "அடி வரைக்கும் உக்கார வச்சிருக்கீங்க."

"திருட்டுப் பயலே!" முத்துவீரப்பன் கைத்தடியை ஓங்கினார். "அப்பன் சொத்துல கை வைக்கிறியா?"

சாந்தினி தடிக்கும் மகனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க ஐயா. உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி இவர்தான். கன்வர்ட்டர் மாறாம இருந்திருந்தா இன்னிக்குக் கார் நின்ன எடத்துலயே நின்னிருக்கும். உங்க பொய்யும் அங்கயே நின்னிருக்கும். பாலிஷ் கடையில இருந்து திரும்பி வந்த கார் தானா நகர்றதைப் பாத்ததும் நீங்க என்ன நெனச்சீங்க? ஆண்டவனே வந்து நம்ம பக்கம் சாட்சி சொல்றான்னுதானே? வந்தது ஆண்டவன் இல்ல, ஃபிக்ரி."

முத்துவீரப்பனின் தடி மெல்ல இறங்கியது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவர் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா நசுங்கிய பழங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் முத்துவீரப்பன் கடைசியில். "கார் நகரல. எவனோ ஒருத்தன், 'முதலாளி காரு எலுமிச்சம்பழத்துல மாட்டிக்கிச்சு'ன்னு சிரிச்சான். மிதிச்சேன். அப்பவும் நகரல. இன்னும் மிதிச்சேன்."

"பிடிச்சிருச்சு."

"ம்."

"இவங்க சாவியக் கொடுக்கும்போது எதுவும் சொல்லலியா?"

"முதல்ல காலி எடத்துல ஓட்டிப் பழகுங்கன்னு சொல்லுச்சு." அவர் தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷமாக் கார் ஓட்டுறவனுக்கு ஒரு பொம்பளப் புள்ள சொல்லிக் கொடுக்கிறதான்னு கெளம்பிட்டேன். சரி, விடுங்க. இது வீட்டுக்குள்ள இருக்கட்டும். ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிடறேன். அத்தோட முடிஞ்சுது."

"முடியலை" என்றாள் லோகேஸ்வரி. குரல் உயரவில்லை. "ஊர் முழுக்க என் பேரச் சொன்னீங்க. ஒரு வாரமா என் ஷெட்டுல ஒரு கார் இல்ல. பழிய மைக்குல சொல்லச் சொன்னீங்கல்ல? அதே மைக்கு, முதலாளி. அதே கூட்டம்."

சாயங்காலம் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. இலவசச் சிற்றுண்டி என்று அறிவித்தால் நிறையும் மண்டபம், ஒருத்தி மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அதைவிட அதிகமாக நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பூசாரி கார்த்திகேசு. கடைசி வரிசையில் லோகேஸ்வரி, சாந்தினி, குணாளன்.

முத்துவீரப்பன் மைக்கைப் பிடித்தார். வீட்டில் பேசிய தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அன்றைய தினம் நிகழ்ந்த அசம்பாவிதமானது, நவீன இயந்திரத்தின் தன்மையினாலும், மானிடப் பாதத்தின் இயல்பினாலும், இறைவனின் சித்தத்தினாலும் ஏற்பட்டதேயன்றி, இதில் தனிப்பட்ட எவரையும்..."

கமிட்டிச் செயலாளர் தலையாட்டினார். இரண்டு பேர் கைதட்டத் தயாரானார்கள். லோகேஸ்வரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"இறைவன் மேலயும் ரிப்போர்ட் கொடுத்துட்டாரு" என்று முணுமுணுத்த குணாளன் குனிந்தார். பையில் மஞ்சள் கார் விட்டுவைத்த அந்த ஒற்றைப் பழம் இருந்தது. அதை நடுப்பாதையில் உருட்டிவிட்டார்.

பழம் அவசரப்படாமல் உருண்டது. நாற்காலி வரிசைகளைத் தாண்டி, கமிட்டி மேசையைத் தாண்டி, தங்கநிற வார் போட்ட செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. முத்துவீரப்பன் பேச்சை நிறுத்தினார்.

பூசாரி கார்த்திகேசுவுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அன்று காருக்கு மிக அருகில் நின்றவர் அவர். எஞ்சின் கத்தியதை மேளத்துக்கு நடுவிலும் கேட்டவர். யாரும் அவரைக் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. அவர் எழுந்துபோய் இடது கையால் பழத்தை எடுத்தார். செருப்பின் நுனியை ஒட்டி, டயருக்கு முன்னால் வைப்பதுபோலவே வைத்தார்.

"இப்ப சொல்லுங்க முதலாளி" என்றார். "இதத் தாண்டி ஒரு அடி வந்து சொல்லுங்க."

முத்துவீரப்பன் பழத்தைப் பார்த்தார். தடியை ஊன்றி, ஆபரேஷன் செய்த இடது காலைத் தூக்கிப் பழத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"நான்தான் மிதிச்சேன்" என்றார். மைக் கீச்சிட்டது. "லோகேஸ்வரி வேலையில ஒரு குத்தமும் இல்ல. ரிப்போர்ட்டு பொய். பூசாரி கை என்னால ஒடஞ்சுது."

யாரும் கைதட்டவில்லை. பூசாரி தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

லோகேஸ்வரி நாற்காலிக் கைப்பிடியை விட்டாள். முன் வரிசையிலிருந்து யாரோ திரும்பி, "லோகா, என் வேனுக்குக் கியர் இழுக்குது, நாளைக்குக் கொண்டு வரவா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்குள் கமிட்டிச் செயலாளர் மைக்கைக் கைப்பற்றிவிட்டார். முதலாளியின் நேர்மையைக் கண்டு தமக்குக் கண்ணீர் வருவதாகவும், மேற்படி நேர்மையைப் பாராட்டி உடைந்த கல்லுக்குப் பதிலாக இன்னும் பெரிய கல் ஒன்றை அதே சுவரில் பதிக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். முத்துவீரப்பன் மறுப்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் மறுக்கவில்லை.

"பாஸ்," என்றார் குணாளன், "இந்தத் தடவை ரப்பர்ல செய்யச் சொல்லுங்க."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக லோகேஸ்வரி சிரித்தாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படியாக, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.